சம்பளம் வந்ததும் தானா காசு எடுத்து வைக்கிற ஆப்: 2 வருஷம் யூஸ் பண்ணிட்டு க்ளோஸ் பண்ணிட்டேன், முழு அனுபவம்

காலையில க்ளாஸ், சாயங்காலம் பார்ட் டைம் வேலைன்னு ஓடிட்டிருக்கிறவங்களுக்காக இத எழுதுறேன். சேமிப்பையும் முதலீட்டையும் ஒரே இடத்துல தானாவே பண்ணித் தர்ற ஆப்கள் இப்போ நெறைய வந்துருச்சு, அதுல ஒண்ண நான் முழுசா 2 வருஷம் யூஸ் பண்ணேன். பேரு சொல்லப் போறதில்ல, ஏன்னா இந்த மாதிரி நெறைய ஆப்களோட அமைப்பு ஒரே மாதிரி தான், நான் சொல்றத வச்சு உங்க கையில இருக்கறத நீங்களே செக் பண்ணிக்கலாம்.

முதல்ல ஒரு விஷயம், இந்த ரிவியூல எல்லாத்தையும் நான் மணி நேரத்துல தான் சொல்லுவேன். ஒரு மணி நேரம் வேலை பாத்தா என்ன கிடைக்குமோ அது ஒரு யூனிட். நான் வாரத்துக்கு 18 மணி நேரம் வேலை பாக்கறேன், மாசத்துக்கு சுமார் 75 மணி நேரம், பரீட்சை மாசத்துல அது 40க்கு இறங்கிடும். காசா பாக்கறதவிட நேரமா பாத்தா தான் எது பெருசு எது சின்னதுன்னு எனக்கு உறைச்சுது.

ஆப் போட்டதுக்குக் காரணம் சிம்பிள், சம்பளம் கையில நிக்கல. முதல் வாரம் தாராளமா இருக்கும், மூணாவது வாரம் பேலன்ஸ் பாக்கவே பயமா இருக்கும், மாசக் கடைசியில மிச்சம் இருந்தா எடுத்து வைக்கலாம்னு நெனச்சு ஒரு வருஷம் ஓடிப் போச்சு, ஒரு மாசம் கூட மிஞ்சல. இந்த ஆப் அத தலைகீழா பண்ணுது, சம்பளம் அக்கவுண்ட்ல விழுந்த மறுநாள் காலையில நாம சொன்ன தொகைய எடுத்துடும், மிச்சத்துல தான் மாசத்த ஓட்டணும். சொன்னா நம்ப மாட்டீங்க, முதல் மாசம் 5 மணி நேர காசு போனது எனக்குத் தெரியவே இல்ல. இருக்கறதுக்கு ஏத்த மாதிரி செலவு தானா சுருங்கிக்குது. இந்த ஒரு ஃபீச்சருக்காக மட்டும் ஆப்ப முழு மனசோட பாராட்டுறேன், எனக்குள்ள ஒரு பழக்கத்த உண்டாக்கினது அது தான்.

ஆனா ஆரம்பத்துல ஃபிக்ஸட் தொகைன்னு வச்சது தப்பாப் போச்சு. பரீட்சை மாசம் வேலை நேரம் கொறஞ்சு சம்பளமும் கொறைவா வந்துச்சு, ஆப் அது பாட்டுக்கு அதே தொகைய எடுக்கப் பாத்துச்சு, அக்கவுண்ட்ல வாடகை போன பிறகு ஒண்ணும் இல்ல, டெபிட் பவுன்ஸ் ஆயி பேங்க் ஒரு அபராதம் போட்டாங்க, அது 2 மணி நேர சம்பளம். அதுக்கப்புறம் தான் செட்டிங்ஸ்ல உள்ள போய்ப் பாத்தேன், சதவீதமா எடுக்கற ஆப்ஷன் இருக்கு, மூணு ஸ்க்ரீன் தள்ளி ஒளிஞ்சு கெடக்கு. வர்ற சம்பளத்துல 12 சதவீதம்னு மாத்துனேன். 75 மணி நேரம் வேலை பாத்த மாசம் 9 மணி நேர காசு போகும், 40 மணி நேரம் பாத்த மாசம் 5க்கும் கொஞ்சம் கீழ போகும், அதுக்கப்புறம் ஒரு தடவை கூட பவுன்ஸ் ஆகல. வருமானம் ஏறி எறங்குற நம்ம மாதிரி ஆளுங்களுக்கு சதவீதம் தான் சரி, இத ஆப்ல முதல் ஸ்க்ரீன்லயே கேக்கணும்.

இன்னொரு நல்ல ஃபீச்சர், சம்பளம் ஏறும்போது சேமிப்பு சதவீதமும் தானா ஏறுற மாதிரி முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். இதுக்குப் பின்னாடி நெஜமான ஆராய்ச்சி இருக்கு, ரிச்சர்ட் தேலர், ஷ்லோமோ பெனார்ட்சின்னு ரெண்டு பொருளாதார ஆராய்ச்சியாளர்கள் 2004ல வெளியிட்டது. ஒரு கம்பெனி தொழிலாளர்கள் கிட்ட, அடுத்த சம்பள உயர்வுல இருந்து கொஞ்சம் கொஞ்சமா சேமிப்ப ஏத்தலாமான்னு இப்பவே கேட்டு ஒத்துக்க வச்சாங்க, அப்படி சேந்தவங்களோட சேமிப்பு 40 மாசத்துல 3.5 சதவீதத்துல இருந்து 13.6 சதவீதத்துக்குப் போச்சு. இன்னைக்கு கையில இருக்கறத விட்டுக் கொடுக்கறது தான் கஷ்டம், நாளைக்கு வரப்போறத விட்டுக் கொடுக்கறது அவ்வளவு வலிக்கல. தேலருக்கு 2017ல பொருளாதார நோபல் கெடச்சுது. நான் 12 சதவீதத்துல இருந்து இப்போ 14க்குப் போனதுக்கு இந்த யோசனை தான் காரணம்.

சில்லறை ரவுண்ட் அப் பத்தி ரொம்ப பேசுவாங்க. 47க்கு ஏதாவது வாங்குனா 50ன்னு கணக்கு வச்சு மிச்சம் 3ஐ சேமிப்புக்கு அனுப்பிடும். பாக்க அழகா இருக்கு, மாசக் கடைசியில கூட்டிப் பாத்தா ஒன்றரை மணி நேர காசு தான் வருது. அதவிட முக்கியமா, செலவு பண்ணா தான் சேமிப்பு நடக்குதுங்கிற ஒரு நெனப்ப அது மனசுல விதைக்குது, வாங்கும்போதே ஒரு நல்ல காரியம் பண்ற ஃபீல் வருது. நாலு மாசத்துல ஆஃப் பண்ணிட்டேன்.

இப்போ முக்கியமான இடத்துக்கு வரேன், கட்டணம்.

ஆப் மாசத்துக்கு ஒரு நிலையான சந்தா எடுக்குது, என் கணக்குல அது அரை மணி நேர சம்பளம். அரை மணி நேரம் தானேன்னு முதல் எட்டு மாசம் கண்டுக்கவே இல்ல. வேலை பாக்கற இடத்துல அக்கவுண்ட்ஸ் பாக்கற ஒரு அக்கா இருக்காங்க, அவங்க கிட்ட பெருமையா ஆப்ப காட்டினேன். அவங்க க்ராஃப பாக்கவே இல்ல, "சந்தா எவ்வளவு பா?"ன்னு தான் கேட்டாங்க. சொன்னேன். "நீ மாசம் எவ்வளவு போடுற?" 5 மணி நேரம்க்கா. "அப்போ பத்துல ஒரு பங்கு உள்ள போறதுக்கு முன்னாடியே போயிடுதே, கணக்கு போட்டுப் பாத்தியா?"

பாக்கல. அன்னைக்கு ராத்திரி உக்காந்து போட்டேன். மாசம் 5ன்னா வருஷத்துக்குப் போடுறது 60 மணி நேர காசு, சந்தா 6 மணி நேரம், அது 10 சதவீதம். ஆனா நெஜமா அதவிட மோசம், ஏன்னா முதல் வருஷத்துல அந்த 60ம் வருஷம் முழுக்க அங்க இருக்காது, மாசா மாசம் தான் ஏறும், சராசரியா அக்கவுண்ட்ல இருக்கறது 30 மணி நேர காசு. அதுல 6 போச்சுன்னா வருஷத்துக்கு 20 சதவீதம். என் காசு 20 சதவீதம் வளந்தா தான் நான் போட்ட எடத்துலயே நிப்பேன். எந்த முதலீடும் வருஷா வருஷம் அப்படிக் கொடுக்காது. இதே சந்தா 1200 மணி நேர காசு வச்சிருக்கிறவங்களுக்கு வெறும் அரை சதவீதம், அவங்களுக்கு இது மலிவு. கொஞ்சமா வச்சிருக்கிறவங்க கிட்ட தான் இந்த நிலையான சந்தா அதிகமா உறிஞ்சுது, விளம்பரத்துல மட்டும் மாணவர்கள் தான் சிரிச்சுக்கிட்டு நிக்கறாங்க. இது எனக்கு உண்மையிலேயே கோவம் வந்த எடம்.

சந்தா ஒரு பக்கம், ஃபண்டுக்குள்ள (பல பேர் காச சேத்து முதலீடு பண்றது தான் ஃபண்டு) இருக்கற செலவு விகிதம் இன்னொரு பக்கம், அதாவது ஃபண்ட நடத்துறதுக்கு வருஷா வருஷம் நம்ம காசுல இருந்து எடுக்கற சதவீதம். ஆப் எனக்குத் தானா ஒரு தொகுப்பு போட்டுக் கொடுத்துச்சு, 7 ஃபண்டு, எடுத்துப் பாத்தா அதுல நாலு ஃபண்டுல திரும்பத் திரும்ப அதே பெரிய கம்பெனிங்க தான். மொத்த செலவு விகிதம் சுமார் 0.9 சதவீதம். சாதா இண்டெக்ஸ் ஃபண்டு 0.2க்கும் கீழயே கெடைக்குது. முக்கால் சதவீதம் என்ன பெருசுன்னு கேக்கலாம், 20 வயசுல தான் அது பெருசு, நமக்கு முன்னாடி அவ்வளவு வருஷம் இருக்கு. ஒரு தடவை போட்ட காசு வருஷத்துக்கு 7 சதவீதம் வளந்தா 40 வருஷத்துல கிட்டத்தட்ட 15 மடங்கு ஆகும், 6 சதவீதம்னா 10 மடங்கு தாண்டி கொஞ்சம் தான். ஒரே ஒரு சதவீத வித்தியாசம், கடைசித் தொகையில மூணுல ஒரு பங்கு காணாமப் போகுது. கூட்டு வட்டி வளர்ச்சியில வேலை செய்யற மாதிரியே கட்டணத்துலயும் வேலை செய்யும், ஆப்ல முதலாவதுக்கு மட்டும் தான் க்ராஃப் இருக்கு.

இண்டெக்ஸ் ஃபண்டுன்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: சந்தையில இருக்கற கம்பெனிங்கள ஒரு பட்டியல்படி அப்படியே வாங்கி வைக்கிறது, எது ஏறும்னு யூகிக்க மேனேஜர் வேணாம், அதனால செலவு கம்மி. ஜான் போகில் 1976ல வேன்கார்ட்ங்கிற அமெரிக்க ஃபண்டு நிறுவனத்துல இத சாதாரண மக்களுக்காக ஆரம்பிச்சப்போ 15 கோடி டாலர் திரட்டணும்னு பாத்தாங்க, வந்தது சுமார் 1.1 கோடி தான், போகிலோட முட்டாள்தனம்னு பேரே வச்சாங்க. முப்பது வருஷம் கழிச்சு பிரபல அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட் ஒரு பந்தயம் கட்டினார், 2008 முதல் 2017 வரை பத்து வருஷம், ஒரு பக்கம் சாதா எஸ் அண்ட் பி 500 (அமெரிக்காவோட 500 பெரிய கம்பெனிங்க பட்டியல்) இண்டெக்ஸ் ஃபண்டு, எதிர்ப்பக்கம் ஒரு முதலீட்டு நிறுவனம் தேர்ந்தெடுத்த அஞ்சு ஹெட்ஜ் ஃபண்டு தொகுப்பு, ஹெட்ஜ் ஃபண்டுன்னா பணக்காரங்களுக்காக அதிக கட்டணத்துல மேனேஜருங்க நடத்துறது. இண்டெக்ஸ் ஃபண்டு மொத்தமா 125 சதவீதத்துக்கு மேல வளந்துச்சு, அந்த அஞ்சுல ஒண்ணு கூட அதத் தொடல. இத்தனைக்கும் பந்தயத்தோட முதல் வருஷம் 2008, எஸ் அண்ட் பி 37 சதவீதம் விழுந்த வருஷம். எதிர்ப்பக்கம் மேனேஜருக்கு மேல மேனேஜர்னு ரெண்டு அடுக்கு கட்டணம், அது முக்கியமான காரணம்னு பஃபெட்டே சொன்னார்.

அடுத்தது அந்த ரிஸ்க் கேள்வித்தாள். ஆப் ஆரம்பத்துல 6 கேள்வி கேக்குது, சந்தை 20 சதவீதம் விழுந்தா என்ன பண்ணுவீங்க, விப்பீங்களா, வச்சுப்பீங்களா, இன்னும் வாங்குவீங்களா. 20 வயசுல, ஒண்ணுமே விழாத ஒரு நாள்ல, எல்லாரும் இன்னும் வாங்குவேன்னு தான் டிக் அடிப்பாங்க, நானும் அடிச்சேன், உடனே என்ன தைரியசாலின்னு முடிவு பண்ணி எல்லாத்தையும் பங்குச் சந்தையில போட்டுடுச்சு. ஆறு கேள்வியில ஒண்ணு கூட, இந்தக் காசு உனக்கு எப்போ வேணும்னு கேக்கல. கேக்க வேண்டிய முதல் கேள்வியே அது தான். அடுத்த செமஸ்டர் ஃபீஸ் கட்டப் போற காசுக்கும், முப்பது வருஷம் தொடப்போறதில்லாத காசுக்கும் ஒரே எடமா?

எனக்கு இது எப்படி புரிஞ்சுதுன்னா, பரீட்சைக்கு பத்து நாள் முன்னாடி லேப்டாப் போர்டு போயிடுச்சு. ரிப்பேருக்கு 40 மணி நேர காசு. ஆப்ல அதவிட அதிகமா இருக்கு, ஆனா எல்லாமே ஃபண்டுல இருக்கு, அந்த வாரம் பாத்து சந்தை இறங்கி என் கணக்கு 8 சதவீதம் கீழ. வித்தா நஷ்டம், விக்கலன்னா ப்ராஜெக்ட் சப்மிட் பண்ண முடியாது. வித்தேன், அப்பவும் காசு பேங்குக்கு வர 6 வேலை நாள் ஆச்சு, நடுவுல சனி ஞாயிறு வேற. அந்த அக்கா தான் கைமாத்தா கொடுத்தாங்க, வட்டியும் கேக்கல, ஒரு வார்த்தை தான் சொன்னாங்க: "அவசரத்துக்குன்னு தனியா வைக்காம முதலீட்டுல கை வைக்காத பா."

அதுக்கப்புறம் காசை மூணாப் பிரிச்சேன். அவசரத்துக்கு ஒண்ணு, சாதா சேமிப்புக் கணக்கு, கார்டு இல்லாதது, ஆனா அன்னைக்கே எடுக்கலாம். வேலை பாக்கறவங்களுக்கு மூணுல இருந்து ஆறு மாச செலவுன்னு பொதுவா சொல்லுவாங்க, படிக்கும்போதே அத சேத்துட்டு தான் மத்தது எல்லாம்னு நின்னா மனசு விட்டுப் போயிடும், நான் ஒரு மாச செலவு சேர்ற வரைக்கும் முதலீட்ட நிறுத்தி வச்சேன், அப்புறம் பாதிப் பாதியா பிரிச்சேன். ரெண்டாவது, மூணு நாலு வருஷத்துக்குள்ள வேணுங்கிற காசு, ஃபீஸ், டெபாசிட் மாதிரி, அது ஃபிக்ஸட் டெபாசிட்ல. மூணாவது தான் பங்குச் சந்தை. வெறும் சேமிப்புக் கணக்குலயே எல்லாத்தையும் வச்சா என்னன்னு கேக்கறவங்களுக்கு 72 கணக்கு சொல்றேன், 72ஐ சதவீதத்தால வகுத்தா எத்தன வருஷத்துல இரட்டிப்பாகும்னு தோராயமா வரும், விலைவாசி வருஷம் 6 சதவீதம் ஏறுதுன்னா 12 வருஷத்துல அதே பொருளுக்கு இரட்டிப்பு காசு வேணும், சும்மா வச்ச காசோட வாங்கற சக்தி பாதி.

இதே 72 கணக்க கடனுக்கும் போடுங்க. கிரெடிட் கார்டு பாக்கி வருஷத்துக்கு 24 சதவீதம்னா 3 வருஷத்துல இரட்டிப்பு. ஆப்ல சேந்தப்போ எனக்கு அப்படி ஒரு சின்ன பாக்கி ஓடிட்டிருந்துச்சு, ஆப் அதப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல, நானும் ஒரு பக்கம் குறைஞ்சபட்ச தொகை மட்டும் கட்டிக்கிட்டு இன்னொரு பக்கம் முதலீடு பண்ணிட்டிருந்தேன். அந்த பாக்கிய அடைச்சா 24 சதவீதம் நிச்சயமான லாபம், அத எந்த ஃபண்டும் தராது. இத யாராவது முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

இதுல ஒரு சம்பள அட்வான்ஸ் பட்டன் வேற. சம்பளத்துக்கு 10 நாள் முன்னாடி காசு தரும், 5 சதவீதம் மட்டும் சேவைக் கட்டணம்னு போட்டிருக்கு. 10 நாளுக்கு 5ன்னா வருஷக் கணக்குல 182 சதவீதம். சேமிப்பு ஆப்ல இத வச்சிருக்கவே கூடாது.

நோட்டிஃபிகேஷன் தொல்லை தாங்கல. இன்னைக்கு இது ஏறுது, உங்க நண்பர்கள் இத வாங்குறாங்க, தொடர்ந்து 14 நாள் ஆப் திறந்ததுக்கு பதக்கம். நீண்ட கால முதலீட்ட தினமும் திறந்து பாக்க வேண்டிய அவசியமே இல்ல, அடிக்கடி பாத்தா அடிக்கடி சிவப்பு தெரியும், கை துறுதுறுன்னு வரும். ராபின்ஹுட்ங்கிற அமெரிக்க பங்கு வர்த்தக ஆப்ல வாங்கினதும் கலர் காகிதம் தூவுற மாதிரி அனிமேஷன் இருந்துச்சு, முதலீட்ட விளையாட்டாக்குதுன்னு விமர்சனம் வந்து 2021ல எடுத்துட்டாங்க. என் ஆப்ல இன்னும் பலூன் பறக்குது.

ஆப் காட்டுற க்ராஃப் எப்பவும் கடந்த 10 வருஷம் தான், எப்பவும் மேல. ஜப்பான் பங்குச் சந்தையோட நிக்கேய் குறியீடு 1989 டிசம்பர் கடைசியில 38,915ல இருந்துச்சு, அந்த உயரத்த மறுபடி தாண்ட 2024 பிப்ரவரி ஆச்சு, 34 வருஷம். பயமுறுத்த சொல்லல, மாசா மாசம் கொஞ்சமா போட்டவங்களுக்கு கீழ இருந்த வருஷங்கள்ல மலிவாவும் கெடச்சிருக்கும். ஆனா ஒரே நாட்ட மட்டும் நம்பாம உலகம் முழுக்க பரவின இண்டெக்ஸும் ஒரு பங்கு வச்சுக்கறது நல்லதுன்னு எனக்குப் பட்டுச்சு. 50 சதவீதம் விழுந்தா பழைய எடத்துக்கு வர 100 சதவீதம் ஏறணும், இத மனசுல வச்சுக்கிட்டு தான் பங்குல எவ்வளவுன்னு முடிவு பண்ணணும்.

பாதுகாப்பு பத்தி ஒண்ணு கண்டிப்பா பாருங்க, உங்க காசு யாரு பேர்ல எந்த பேங்க்ல இருக்கு. 2024ல அமெரிக்காவுல சினாப்ஸ்னு ஒரு நிறுவனம் திவாலாச்சு, அது ஆப்களுக்கும் பேங்குக்கும் நடுவுல கணக்கு பாத்துக்கிட்டிருந்த நிறுவனம். பேங்குங்க நல்லாத் தான் இருந்துச்சு, ஆனா யாரோட காசு எவ்வளவுன்னு கணக்கு ஒத்துப் போகாம ஆயிரக்கணக்கான பேர் மாசக் கணக்குல சொந்தக் காச எடுக்க முடியாம தவிச்சாங்க. என் ஆப்ல இந்தத் தகவல் விதிமுறைகள் பக்கத்துல 11ஆவது பத்தியில தான் கெடச்சுது. சப்போர்ட்ல கேட்டதுக்கு மூணு நாள் தானா பதில் போடுற சாட்பாட் தான் பேசுச்சு, நாலாவது நாள் ஒரு மனுஷர் வந்து ஒழுங்கா விளக்கினார், அவருக்கு நன்றி.

இப்போ நான் என்ன பண்றேன்: சம்பளத்துக்கு மறுநாள் பேங்க்லயே ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன், அதாவது மாசா மாசம் ஒரு தொகைய தானா மாத்தச் சொல்லி வைக்கறது, எனக்கு அதுக்கு கட்டணம் இல்ல. பேங்க்ல சதவீதமா எடுக்கற வசதி கெடையாது, அதனால கொறைஞ்ச மாசத்துக்குத் தாங்குற ஒரு சின்னத் தொகைய அதுல போட்டிருக்கேன், நல்ல மாசத்துல மிச்சத்த அன்னைக்கே நானே கையால மாத்திடுவேன். ஃபண்ட நேரடியா ஃபண்டு நிறுவனத்துலயே வாங்குறேன், ரெண்டே ரெண்டு இண்டெக்ஸ் ஃபண்டு. வருஷத்துக்கு சந்தாவாப் போயிட்டிருந்த 6 மணி நேரமும் இப்போ சேமிப்புக்குள்ள போகுது.

ஆப்புக்கு 5க்கு 2 கொடுக்கறேன், ரெண்டும் அந்த சம்பள நாள் ஃபீச்சருக்குத் தான். எவ்வளவு முயற்சி பண்ணியும் கையால எடுத்து வைக்க முடியல, சந்தா போனாலும் பரவால்லன்னா ஒரு ஆறு மாசம் பழக்கத்துக்காக யூஸ் பண்ணிட்டு வெளிய வந்துடுங்க, ஆனா போடுறதுக்கு முன்னாடி சந்தாவ உங்க மாச சேமிப்பால வகுத்துப் பாருங்க, 2 சதவீதத்துக்கு மேல வந்தா நான் வேணாம்னு தான் சொல்லுவேன். வெளிய வரும்போது ஃபண்ட அப்படியே மாத்த கட்டணம் கேட்டாங்க, விக்கறது மலிவா இருந்துச்சு, ரெண்டுல எதுன்னு அதுவும் கணக்கு போட்டு தான் பண்ணேன். க்ளோஸ் ரிக்வெஸ்ட் கொடுத்து இன்னைக்கு 9ஆவது நாள், காலையில கடைசித் தொகை பேங்குக்கு வந்துடுச்சு. அக்கா கிட்ட மெசேஜ் போட்டேன், "சரி பா, மார்க்கெட் ஆப்ப மட்டும் தெனமும் திறக்காத"ன்னு பதில் வந்துச்சு.